காமனுக்கு நேர்ந்த வில்

என் மனைவி சாமிக்கு வைத்த நேர்த்தி எனக்கு மூன்றாம் ஆள் சொல்லித்தான் தெரிந்தது. தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குப் பக்கத்தில் இருந்த பட்டறையில் பெட்டிக்குப் பலகை சீவிக்கொண்டிருந்தேன். கூத்து வாத்தியார் வந்து வாசலில் நின்றார். எங்கள் தோட்டத்தில் வருஷாவருஷம் மாசி மாதம் காமன் கூத்து நடத்துகிறவர் அவர். மற்ற நாட்களில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர். இந்த வருஷம் காமனுக்கு வில் உங்கள் வீட்டு நேர்த்தியாமே, ரொம்ப சந்தோஷம் என்றார். நான் என்ன ஏது என்று கேட்பதற்குள் வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போய்விட்டார்.

பதுளைக்கு ரயில் வராத காலம் அது. நமுனுகுல மலைச்சரிவில் எங்கள் தோட்டம். நான் செய்கிற பெட்டிகளில் தேயிலையை அடைத்து, மாட்டு வண்டியில் பண்டாரவளைக்குக் கொண்டுபோய் ரயிலேற்றுவார்கள். நான் பதுளைக் கடைவீதியில் நிலைக்கதவும் கட்டிலும் செய்துகொண்டிருந்தவன். கல்யாணத்துக்குப் பிறகுதான் தோட்டத்துக்கு வந்தேன். காமன் கூத்தை இரண்டு மூன்று தடவை தூக்கக் கலக்கத்தோடு பார்த்ததோடு சரி. சிவன் தவத்தில் இருப்பார், காமன் போய் அம்பு விடுவான், அவர் நெற்றிக்கண்ணைத் திறப்பார், காமன் எரிந்து போவான், ரதி அழுவாள், மூன்றாம் நாள் அவனுக்கு உயிர் வரும். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். பிள்ளை இல்லாதவர்கள் காமனுக்கு நேர்ந்துகொள்வது வழக்கம் என்பதும் தெரியும். அது என் வீட்டுக்குள் வரும் என்று நினைக்கவில்லை.

நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் போனபோது அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஏன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன்.

"கேட்டா நீங்க சரின்னா சொல்லியிருப்பீங்க?"

சொல்லியிருக்க மாட்டேன், அது உண்மை. சாமி காரியம் என்றாலே எனக்கு முகம் கோணும். ஆனாலும் விட்டுக்கொடுக்காமல், ஒரு கரும்பை வாங்கிக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்றேன். காமனுக்கு வழக்கமாகக் கரும்பு வில்தான். முறத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் பேச ஆரம்பித்தாள். அவள் பேச ஆரம்பித்தால் பேய் மழை மாதிரி, நனைவதைத் தவிர வேறு வழியில்லை. போன வருஷம் கூத்து நடக்கும்போதே கரும்பு வில் ஒடிந்துபோயிற்றாம். காமன் வேஷம் கட்டியிருந்தவன் என் மச்சினன், அவளுடைய தம்பி. எல்லோரும் அது நல்லதுக்கில்லை என்றார்களாம். ஆகவே முறியாத வில் ஒன்று தருவதாகச் சொல்லியிருக்கிறாள். ஆசாரி பெண்டாட்டியும் கரும்பைத் தூக்கிக்கொண்டு போனால் காமன் ஏன் ஏறெடுத்துப் பார்க்கவேண்டும் என்று கேட்டாள்.

பக்கத்துக் காம்பராவில் அந்த வருஷம் மூன்றாவது தொட்டில் கட்டியிருந்தார்கள். நடுவில் இருந்தது ஒரு மெல்லிய சுவர்தான். பிள்ளை அழுதால் எங்கள் காம்பராவில் அழுவது மாதிரியே கேட்கும். அப்போதெல்லாம் அவள் பேச்சு பாதியில் நின்றுவிடும். எழுந்துபோய், பெருக்கிய தரையையே மறுபடி பெருக்குவாள். அதைப் பார்த்தும் பார்க்காதவன் மாதிரி நான் பீடி பற்ற வைப்பேன். கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. எனக்கும் ஆசை இருந்தது. ஆனால் அவளுக்கு இருந்தது ஆசை இல்லை, பசி.

சரி, வில் செய்வது என்று ஆனது. முறியாத வில் என்றால் எப்படி? வெறும் மூங்கிலை வளைத்து நாண் ஏற்றினால் கொஞ்ச நாளில் வளைந்தபடியே நின்றுவிடும். அழுத்தமான ஒரே மரத்தில் செய்தால் வளையாது, வளைந்தால் ஒடியும். யோசித்துக்கொண்டிருந்தபோது துரை பங்களாவில் பார்த்த ஒரு வில் ஞாபகம் வந்தது. துரைசாணி சீமையிலிருந்து கொண்டுவந்தது. துரைமார் வீட்டுப் பெண்கள் கூடி வைக்கோல் தட்டி வைத்து அம்பு விட்டு விளையாடுவார்கள். ஐப்பசி மழையில் அந்த வில் ஈரம் குடித்துப் பிரிந்துபோயிற்று. அதை அறுத்து ரோஜாச் செடிக்கு முட்டுக் கொடுக்கச் சொல்லி என்னைத்தான் கூப்பிட்டார்கள். அறுக்கும்போது வெட்டுமுகத்தில் பார்த்தேன், ஒரே மரம் இல்லை. வெளிப்பக்கம் வெளுத்த மரம், நடுவில் செம்மை, உள்பக்கம் கறுப்பு. மூன்றையும் பட்டை பட்டையாகச் சீவி ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டியிருந்தார்கள். வில் வளைகிறபோது வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் நெரிபடும். இரண்டு வேலைக்கும் இரண்டு மரம், நடுவில் சமாதானம் பண்ண ஒன்று. செய்தவன் நல்ல வேலைக்காரன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு ரோஜாவுக்கு முட்டு அறுத்துக் கொடுத்தேன்.

சீமை மரத்துக்கு நான் எங்கே போவேன்? இழுபடுகிற பக்கத்துக்கு முற்றின மூங்கில். நெரிபடுகிற பக்கத்துக்குக் கித்துள் பனை. மலைக்குக் கீழே சிங்களக் கிராமத்தில் ஒரு விழுந்த மரம் கிடந்தது, கேட்டதும் ஒரு துண்டு கொடுத்தார்கள். கறுப்பாக, இரும்பு மாதிரி இருக்கும், உளி வாய் மழுங்கும். நடுவுக்கு அல்மில்ல மரம். வண்டிக்கு ஏர்க்கால் போடுகிற மரம் அது. வளையும், லேசில் விட்டுக்கொடுக்காது. பதுளையில் வண்டிப்பட்டறை வைத்திருந்த ஒரு பழைய சிநேகிதனிடம் போய்க் கெஞ்சி வாங்கிவந்தேன். மூன்றையும் ஆள் உயரத்துக்கு அறுத்து, நடுவில் கனமாகவும் நுனிக்குப் போகப் போக மெலிவாகவும் சீவினேன். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இடையில் வெளிச்சம் கசியக் கூடாது. கசிந்த இடத்தில் மறுபடி இழைப்புளி. இப்படியே தை மாதத்தில் பாதி போயிற்று.

ஒட்டுவதற்கு வஜ்ஜிரம். மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுக்கிற கட்டி. ஊறவைத்து, தண்ணீர்ச் சட்டிக்குள் இன்னொரு சட்டி வைத்து உருக்கவேண்டும். சூடாக இருக்கும்போதே பூசி, சூடாக இருக்கும்போதே இறுக்கிக் கட்டவேண்டும். நமுனுகுலவின் தைக் குளிரில் பூசிய கை எடுப்பதற்குள் கூழ் மாதிரி உறைந்துவிடும். ஸ்டோரில் கொழுந்து வாட்டுகிற மாடி எப்போதும் கதகதப்பாக இருக்குமே என்று சட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே ஏறினேன். டீமேக்கர் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். இந்த நாற்றம் தேயிலையில் ஏறினால் லண்டனில் வாயில் வைத்ததும் கண்டுபிடித்துவிடுவான், உன் வில்லோடு என்னையும் சேர்த்து வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று விரட்டிவிட்டார். அவர் சொன்னதும் நியாயம்தான், தேயிலை பக்கத்தில் இருக்கிற எந்த வாசனையையும் வாங்கிக்கொள்ளும்.

ஆகவே சட்டி எங்கள் காம்பராவுக்குள் வந்தது. என் மனைவி வாய் அன்றைக்கு மூடவில்லை.

"செத்த மாட்ட அடுப்புல ஏத்திட்டு சாமி காரியமாம். இந்த நாத்தத்துல சோறு எறங்குமாங்க?"

கூத்துக்கு அடிக்கிற தப்பு எதில் கட்டியிருக்கிறது, மாட்டுத் தோலில்தானே, அதை அடிக்காமல் உன் காமன் வருவானா என்று கேட்டேன். அதற்கும் ஏதோ சொன்னாள். சட்டி கொதிக்கிற சத்தமும் அவள் பேச்சும் சேர்ந்து காம்பரா நிறைந்திருந்தது. நான் முனகிக்கொண்டேதான் இருந்தேன், ஆனால் அந்த மாலை நேரங்கள் எனக்குப் பிடித்திருந்தன.

பட்டைகளை இரண்டு நாள் அடுப்புக்கு மேலே பரணில் போட்டுக் காய வைத்தேன். பிறகு பூசி, கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, கயிற்றுக்கு அடியில் ஆப்புகளை அடித்து இறுக்கினேன். நன்றாகக் காய்ந்த பிறகு கயிற்றை அவிழ்த்து நாண் மாட்டினேன். மருள் நாரைத் திரித்து மெழுகு தேய்த்த நாண். மச்சினனை வரச்சொல்லி இழுக்கச் சொன்னேன். அவன் நெஞ்சுவரை இழுப்பதற்கு முன்னாலேயே படாரென்று ஒரு சத்தம். மரம் எதுவும் ஒடியவில்லை. மூன்று பட்டையும் தனித்தனியாகக் கழன்று அவன் கையில் தொங்கின.

எடுத்துப் பார்த்தேன். ஒட்டின முகம் முழுக்க மஞ்சள். விரலால் தேய்த்தால் எண்ணெய் வழுக்கியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்போது அவளே சொன்னாள். சாமிக்குப் போகிற மரமாயிற்றே, வெறும் மரமாக இருக்கக் கூடாது என்று, பரணில் காய்ந்த பட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து நல்லெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் பூசி, ஒரு பொட்டும் வைத்துத் துடைத்து வைத்திருக்கிறாள். புது உலக்கைக்குப் பூசுவதில்லையா, புது ஏருக்குப் பூசுவதில்லையா? அடுப்பு வெளிச்சத்தில் எனக்கு அந்த நிறம் தெரியவில்லை. எண்ணெய் பட்ட இடத்தில் வஜ்ஜிரம் பிடிக்காது என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. கித்துள் போயிற்று, அல்மில்ல போயிற்று, தை மாதமே போயிற்று என்று கத்தினேன். அவள் ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. அன்றைக்கு மட்டும் இல்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை. சோறு வரும், தண்ணீர் வரும், பேச்சு வராது. முறியாத வில் என்று காமனிடம் சொல்லிவிட்டுத் தன் கையாலேயே அதைப் பிரித்துவிட்டோம் என்ற பயம் அவளுக்கு. பிள்ளை வராமல் போனால் அது தன்னால்தான் என்று எண்ணிக்கொண்டாள். வாயைத் திறந்து சொன்னால்தானே ஆறுதல் சொல்ல முடியும்? அந்த அமைதியில் எனக்குச் சுத்தியல் பிடிக்கவே கை வரவில்லை. வாய் ஓயாதவள் வாயை மூடினால் வீடு எவ்வளவு பெரிதாகிவிடுகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. இத்தனைக்கும் அது பத்தடிக் காம்பரா.

கிராமத்தில் இன்னொரு துண்டு கித்துள் வாங்கிக்கொண்டு மறுபடி பதுளைக்கு நடந்தேன், மறுபடி கெஞ்சினேன். சிநேகிதன் நீ வில் செய்கிறாயா வண்டி செய்கிறாயா என்று கேட்டுவிட்டு மரத்தைக் கொடுத்தான். இந்த முறை பட்டைகளின் முகத்தை ரம்பப் பல்லால் மெல்லக் கீறிவிட்டேன், வஜ்ஜிரம் பற்றிக்கொள்ள. சூடு பண்ணி, பூசி, இறுக்கிக் காய வைத்தேன். பிறகுதான் நுணுக்கமான வேலை. வில்லின் இரண்டு கையும் ஒன்றுபோல வளையவேண்டும். ஒரு கை விறைப்பாக இருந்தால் மற்றக் கை அதன் பாரத்தையும் சேர்த்துச் சுமந்து ஒடிந்துபோகும். சுவரில் ஒரு முளை அடித்து வில்லை நடுவில் மாட்டினேன். நாணில் ஒரு கயிற்றைக் கட்டி ஒருவர் கீழே இழுக்கவேண்டும், ஒருவர் தள்ளி நின்று பார்க்கவேண்டும். இழுக்க ஆள் இல்லை. அவளைக் கூப்பிட்டேன்.

அவள் இழுத்தாள், நான் பார்த்தேன். விறைப்பான இடத்தில் கரியால் கோடு போட்டு, உடைந்த போத்தல் சில்லால் உள்பக்கத்தைச் சுரண்டினேன். மறுபடி இழுத்தாள். இப்படிப் பல சாயங்காலம். ஒரு நாள் கயிற்றைப் பிடித்தபடியே, மஞ்சளை இனி எப்போது பூசலாம் என்று மெல்லக் கேட்டாள். எல்லாம் முடிந்த பிறகு மேலே பூசு, வேண்டுமானால் முக்கிக்கூட எடு என்றேன். சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு பழைய வாய் திரும்பியது, எனக்கும் உயிர் திரும்பியது.

முடிந்த வில்லைப் பற்றி நானே சொல்லக் கூடாது, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெளியே மூங்கில் வெளுப்பு, நடுவே அல்மில்லவின் செம்மை, உள்ளே கித்துளின் கறுப்பு. இழுத்தால் நுனி முதல் நுனி வரை ஒரே சீராக வளைந்தது, விட்டால் ஒரு சின்ன ரீங்காரம். என் வாழ்க்கையில் எத்தனை பெட்டி அடித்திருப்பேன், ஒன்றாவது திரும்பி வந்து என் பெயரைச் சொன்னதுண்டா? இது சொல்லும் என்று தோன்றியது. வேலை முடிந்து வந்தால் அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என்னைக் கட்டியதற்குப் பதில் நீங்கள் அதையல்லவா கட்டியிருக்கவேண்டும் என்றாள் அவள்.

கூத்துக்கு முந்தின நாள் கூத்து வாத்தியார் பார்க்க வந்தார். தடவிப் பார்த்தார், வாயாரப் பாராட்டினார். கூத்து முடிந்ததும் கோயில் பெட்டியில் வைக்க உறை ஒன்று தைக்கவேண்டும் என்றேன். காமனின் கிரீடமும் மார்புப் பட்டையும் அந்தப் பெட்டியில்தான் இருந்தன. கரும்பு வில்லைத் தீயில் போடுவதைப் பார்த்திருக்கிறேன். வாடின கரும்பு வேறெதற்கு ஆகும் என்று நினைத்திருந்தேன்.

"கிரீடம் கூத்துக்காரனோடது, ஆசாரியாரே. வில்லு காமனோடது. அவன் எரிஞ்சா அதுவும் எரியணும். நேர்ந்த பொருள திரும்ப எடுத்தா நேர்த்தி சேராது."

நான் அவளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அன்று முழுக்க நான்தான் பேசவில்லை.

விடிகிற நேரத்தில் கூத்து முடிவுக்கு வந்தது. தேயிலை மலை முழுக்கப் பனி. திடலில் ஊன்றியிருந்த கம்பத்தைச் சுற்றி வைக்கோல். மச்சினன் காமன் வேஷத்தோடு ஓடி வந்து, சிவன் இருந்த பந்தலைப் பார்த்து, நுனியில் பூக்கட்டிய அம்பை விட்டான். கரும்பு வில்லிலிருந்து அம்பு காலடியில் விழுவதைத்தான் எல்லோரும் வருஷாவருஷம் பார்த்திருக்கிறார்கள். இது பந்தலுக்கு மேலே பறந்து, திடலைத் தாண்டி, தேயிலைச் செடிகளுக்குள் எங்கேயோ போய் மறைந்தது. தவத்தில் இருந்த சிவனே கண்ணைத் திறந்து அண்ணாந்து பார்த்தார். சனம் சிரித்துக் கூத்தாடியது. என் நெஞ்சு நிமிர்ந்தது, உடனே வலித்தது.

வைக்கோலில் தீ வைத்தார்கள். மச்சினன் வில்லோடு கம்பத்தைச் சுற்றினான். அப்போது அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"வேணாங்க. நான் வாத்தியார்கிட்ட பேசிக்கிறேன். காமன்கிட்டயும் சொல்லிக்கிறேன். அத நீங்களே வச்சுக்கங்க."

அவள் முகத்தைப் பார்த்தேன். சும்மா சொல்லவில்லை. பக்கத்துக் காம்பராவில் பிள்ளை அழுதால் பெருக்கிய தரையைப் பெருக்குகிறவள், அந்த ஒரு நம்பிக்கையையும் என் கையில் கொடுத்துவிட்டு நிற்கிறாள். எதற்கு? மூன்று பட்டை மரத்துக்காக என் முகம் சுண்டிப்போனதற்கு. எனக்கு வெட்கமாக இருந்தது. போய் மச்சினன் கையிலிருந்து வில்லை வாங்கினேன். நாண் ஏறிய வில்லைத் தீயில் போட மனம் வரவில்லை. முழங்காலில் வைத்து வளைத்து நாணைக் கழற்றினேன். பிறகு நானே கொண்டுபோய் வைக்கோல் மேல் வைத்தேன். முதலில் மஞ்சள் கருகியது. அப்புறம் பட்டைகளுக்கு நடுவே வஜ்ஜிரம் நுரைத்து வழிந்தது. கடைசியில் மூங்கில் தனியாக, அல்மில்ல தனியாக, கித்துள் தனியாக, நான் ஒட்டின வரிசையிலேயே விரிந்து எரிந்தன. கித்துள் ரொம்ப நேரம் எரிந்தது.

லயத்துக்கு இறங்குகிற பாதையில் அவள் இன்னொன்றும் சொன்னாள். நேர்த்தி மூன்று வருஷத்துக்காம். நின்று அவளைப் பார்த்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு முன்னால் நடந்தாள்.

இரண்டாம் வில் முதல் வில்லைவிட நன்றாக வந்தது, மூன்றாவது அதைவிட நன்றாக வந்தது. மூன்றும் சாம்பலாயின. பிள்ளை வரவில்லை.

மூன்றாம் வருஷம் போனபின் அவள் அழவில்லை, யாரையும் நொந்துகொள்ளவில்லை. பேச்சுதான் நின்றுபோயிற்று. இந்த முறை கோபமும் இல்லை, பயமும் இல்லை. சொல்ல ஒன்றும் மீதி இல்லாத மாதிரி இருந்தாள். கதிர்காமம் போய் வரலாம் என்று கூப்பிட்டேன், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். வேண்டுமென்றே குதர்க்கமாக ஏதாவது பேசிப் பார்த்தேன். குழம்பில் உப்பு இல்லை என்று பொய் சொன்னேன். எழுந்துபோய் உப்பைக் கொண்டுவந்து வைத்தாள். இதையெல்லாம் முன்பு சொல்லியிருந்தால் பாதி லயத்துக்குக் கேட்கிற மாதிரி எனக்குப் பதில் கிடைத்திருக்கும்.

மறுபடி தை பிறந்தது. நான் கூத்து வாத்தியாரிடம் போனேன். இந்த வருஷமும் காமனுக்கு வில் நான் தருகிறேன், என் நேர்த்தி என்றேன். பிள்ளைக்குத்தானே என்றார். இல்லை என்றேன். அவள் பழையபடி வாயைத் திறந்து என்னை நாலு வார்த்தை திட்டவேண்டும், அதுதான் வேண்டும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. சரி என்று தலையசைத்துத் திருநீறு கொடுத்தார்.

அன்று சாயங்காலமே பரணிலிருந்து வஜ்ஜிரச் சட்டியை இறக்கி அடுப்பில் ஏற்றினேன். அவள் வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நேர்த்திதான் முடிஞ்சிருச்சே" என்றாள்.

"அது ஒன்னோடது. இது என்னோடது."

என்ன கேட்டிருக்கிறேன் என்று அவள் பார்வையாலேயே கேட்டாள். சொன்னால் பலிக்காது என்று சொல்லிவிட்டுக் கிளற ஆரம்பித்தேன். சட்டி கொதித்தது. நாற்றம் கிளம்பிக் காம்பராவெல்லாம் பரவியது. அவள் கீரையை ஆய்வதை நிறுத்தினாள். மூக்கைச் சுளித்தாள். முறத்தைத் தள்ளிவைத்து எழுந்தாள்.

"ஏங்க, ஒங்களுக்கு மூக்குன்னு ஒண்ணு இருக்கா இல்லையா? உள்ள சோத்துப் பானை இருக்குல்ல? இந்த நாத்தத்துல யாருக்குங்க சோறு எறங்கும்?"

அதோடு விடவில்லை. மூன்று வருஷத்து நாற்றம், நான் எரித்த விறகு, போகாத கதிர்காமப் பயணம், உப்புப் போட்ட குழம்பில் உப்பில்லை என்று நான் சொன்ன பொய் எல்லாம் வரிசையாக வந்தன. பக்கத்துக் காம்பராவில் பேச்சு நின்று காது கொடுப்பது தெரிந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு கிளறிக்கொண்டே இருந்தேன், கண்ணில் தண்ணீர் வந்தது, புகை என்று சொல்லிக்கொள்ளலாம். கேட்டது கிடைத்துவிட்டது. இனி வில்லைச் செய்து கொடுத்தாகவேண்டும்.